ஒரு சொல்லும் இரு கொள்கைகளும்: தாராளவாதம், நவதாராளவாதம்

அண்மைக் காலமாக நம் மேடைகளிலும் இதழ்களிலும் ‘தாராளவாதம்’ என்ற சொல் மிகுதியாகப் புழங்கி வருகிறது. ஜும்ஆ மேடையில் அச்சொல் மார்க்கப் பிடிப்பின் தளர்ச்சியைக் குறிக்கிறது. தொழிற்சங்கத்தாரின் துண்டறிக்கையில் அதுவே பொதுத்துறை நிறுவனங்களின் விற்பனையையும் அந்நிய மூலதனத்தின் வருகையையும் குறிக்கிறது. சட்டக் கல்லூரி வகுப்பிலோ, அரசு கை வைக்கலாகாத தனிமனித உரிமைகளைக் குறிக்கிறது. மூன்று இடங்களில் மூன்று பொருளில் வழங்குவதால் மட்டும் ஒரு சொல் குற்றமுடையதாகிவிடாது; அரபு மொழியில் ‘ஐன்’ என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். இடமறிந்து பொருள் கொள்ளாமையே இங்குள்ள குறை. மூன்றையும் ஒன்றெனக் கொண்டு ஒரே மூச்சில் கண்டிக்கும் கட்டுரைகளும், ஒரே மூச்சில் போற்றும் கட்டுரைகளும் நம்மிடையே பெருகிவிட்டன.

இதனால் விளையும் கேடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. சிறுபான்மைச் சமுதாயமாகிய நாம் நம் கல்வி நிறுவனங்களைக் காக்க அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவையும், வழிபாட்டு உரிமையைக் காக்க 25ஆம் பிரிவையும் காட்டி நீதிமன்றம் ஏறுகிறோம். அப்பிரிவுகளை ஈன்ற சிந்தனையின் பெயரையே வசைச்சொல் ஆக்கிவிட்டால், அவ்வுரிமைகளுக்கு ஊறு நேரும் நாளில் எந்த மொழியில் முறையிடுவது? மறுபுறம், வணிகத்தில் செழித்த நம்மவர் சிலர் 1991க்குப் பிந்தைய பொருளாதாரப் போக்கை ஐயுறுவோரெல்லாம் சுதந்திரத்தின் பகைவர் என்று கருதுகின்றனர். ‘நவ’ என்ற முன்னொட்டைக் கண்டு, பழைய நூலின் புதிய பதிப்பு போலும் என மயங்குவதால் இரு சாராரும் இவ்வாறு தடுமாறுகின்றனர். நவதாராளவாதம் என்பது தாராளவாதத்தின் பெயரையும், அதன் கூறுகளுள் ஒன்றாகிய சந்தைச் சுதந்திரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஏனைய கூறுகளைக் கைவிட்ட வேறொரு கொள்கை என்பதே நம் கருத்து. அதனை நாம் வாழும் தருமபுரி மாவட்டத்தின் நிகழ்வுகளைக் கொண்டே காட்ட முயல்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘லிபரல்’ என்ற ஆங்கிலச் சொல், அடிமையல்லாதவனைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. அது ஓர் அரசியல் அணியின் பெயரானது ஸ்பெயினில். 1812இல் காதிஸ் நகரில் கூடிய மன்றம் அரசனின் அதிகாரத்தைச் சட்டத்தால் வரையறுக்கும் சாசனம் ஒன்றை இயற்றியது. அதனை ஆதரித்தோர் ‘லிபரல்கள்’ எனப்பட்டனர். ஆக, இச்சொல் அரசியலில் நுழைந்தபோது அது கடைவீதியைப் பற்றிய சொல்லாக இருக்கவில்லை. அரண்மனையைப் பற்றிய சொல்லாக இருந்தது.

அரபு உலகில் இக்கருத்தை முதன்முதலில் விரிவாக அறிமுகம் செய்தவர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. 1826இல் எகிப்திய மாணவர் குழுவுக்கு இமாமாகப் பாரிஸ் சென்ற இந்த அஸ்ஹர் ஆலிம், 1834இல் வெளியிட்ட தம் பயண நூலில், பிரெஞ்சு மக்கள் ‘ஹுர்ரிய்யத்’ என்று போற்றுவது எதுவோ அதனையே நாம் அத்ல் என்றும் இன்ஸாஃப் என்றும், அதாவது நீதி, நேர்மை என்றும் அழைக்கிறோம் எனக் கருத்துரைத்தார். அவர் காலத்துக்கு முன் ‘ஹுர்ரிய்யத்’ பெரும்பாலும் அடிமைத்தனத்தின் எதிர்ச்சொல்லாகவே ஃபிக்ஹு நூல்களில் வழங்கியது. ஆட்சியாளன் தன் விருப்பப்படி நடக்கவியலாத நிலைக்கு அதனை அவர் பொருத்திக் காட்டியது கவனிக்கத்தக்கது. பின்னாளில் 1974இல் எகிப்திய அதிபர் அன்வர் சாதாத் அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்தபோது, அரபு மக்கள் அதனை ‘ஹுர்ரிய்யத்’ என்று அழைக்கவில்லை. ‘இன்ஃபிதாஹ்’, திறந்துவிடுதல், என்றே அழைத்தனர். 1977 ஜனவரியில் ரொட்டி மானியத்தைக் குறைத்ததற்காக வீதிக்கு வந்த மக்கள்மீது படை ஏவப்பட்டது. சந்தை திறந்திருந்தது, சிறைகளும் நிறைந்திருந்தன. அரபு மொழி இரண்டையும் இரு சொற்களால் பிரித்து வைத்தமையால் அங்கு மயக்கம் குறைவு.

தமிழில் நிலைமை வேறு. 1991க்குப் பின் நம் நாளேடுகள் ‘தாராளமயமாக்கல்’ என்ற சொல்லை நாள்தோறும் அச்சிட்டன. அதற்கு முன்பே ‘தாராளவாதம்’ என்ற சொல் இருந்தபோதிலும், அது புதிய சொல்லின் நிழலில் விழுந்துவிட்டது. தாராளம் என்றாலே நமக்குக் கைநிறையக் கொடுப்பது நினைவுக்கு வரும். வாங்கிக்கொண்டவர் யார், கொடுத்தவர் யார் என்ற வினா அச்சொல்லில் மறைந்துபோகிறது. இலங்கைத் தமிழர் ‘தாராண்மைவாதம்’ என்ற வடிவத்தைக் கையாள்வது இவ்வகையில் மேலானது எனலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். அதிகாரம் எவரிடம் இருப்பினும் அதற்கு எல்லை வேண்டும். அவ்வெல்லையை அதிகாரமுடையவனின் நற்குணம் வகுக்கலாகாது, சட்டம் வகுக்க வேண்டும். மனிதன் தன் மனச்சான்றுக்கு இணங்க வாழும் இடத்தை எவரும் மிதிக்கலாகாது. தாராளவாதத்தின் உயிர்நிலை இதுவே. பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, சொத்துரிமை, காரணமின்றிச் சிறைப்படாதிருக்கும் உரிமை ஆகியவை இதன் கிளைகள். சந்தைச் சுதந்திரமும் இக்கிளைகளுள் ஒன்று, அவ்வளவே. அதனைப் பேசிய ஆதம் ஸ்மித்தும் 1776இல் எழுதிய தம் பெருநூலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தைக் கடுமையாகச் சாடினார். வணிகர்கள் கூடிப் பேசினால் அது பொதுமக்களுக்கு எதிரான சதியாக முடியும் என்று ஐயுற்றார். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்றும் கூறினார்.

இக்கொள்கையின் கறைகளையும் மறைக்கவியலாது. சமயப் பொறுமை பற்றிய தம் 1689ஆம் ஆண்டுக் கடிதத்தில், முஸ்லிமையோ யூதரையோ சமயத்தின் பொருட்டுக் குடிமை உரிமைகளிலிருந்து விலக்கலாகாது என்று எழுதிய ஜான் லாக், அடிமை வணிகம் செய்த கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். சுதந்திரம் குறித்து 1859இல் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில், 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் ஊழியம் செய்தவர். பக்குவமடையாத சமூகங்களுக்கு அச்சுதந்திரம் பொருந்தாது என்று அந்நூலிலேயே விலக்கு வைத்தவர். அப்பக்குவமடையாதோர் பட்டியலில் நாமும் இருந்தோம். எனவே, ‘இஸ்லாமே உண்மையான தாராளவாதம்’ என்று சிலர் பெருமிதத்தோடு முழங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. மனிதன் தனக்குத் தானே எசமான் என்ற அடித்தளத்திலிருந்து அது புறப்படுகிறது. மனிதன் அல்லாஹ்வின் அடிமை என்பதிலிருந்து நாம் புறப்படுகிறோம். ஆயினும், அல்லாஹ்வின் அடிமையானவன் வேறெவருக்கும் அடிமையாகலாகாது என்ற இடத்தில் இரு வழிகளும் நெடுந்தொலைவு சேர்ந்து செல்கின்றன.

அத்தொலைவு எவ்வளவு என்பதை அறிய ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. அரூர் பகுதியில் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் சிற்றூர் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரைச் சூழ்ந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர், ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அன்றைய அரசு அவ்வாறு எதுவும் நிகழவில்லை என்றது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியருள் அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது.

எழுத்தறிவும் செல்வமும் இல்லாத மலைவாழ் பெண்கள், சீருடை அணிந்த அரசை அரசின் நீதிமன்றத்திலேயே நிறுத்திக் குற்றவாளி என நிறுவ முடிந்தது. அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்ற கொள்கை ஏட்டில் இல்லாதிருந்தால் அது நிகழ்ந்திராது. முப்பத்தோர் ஆண்டுகள் ஆயின என்பது அக்கொள்கை நடைமுறையில் எவ்வளவு நலிந்திருக்கிறது என்பதற்குச் சான்று. ஆண்டையும் கருதுக. 1991 ஜூலையில் நாட்டின் சந்தை ‘தாராளமயம்’ ஆயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில் வாச்சாத்தி நிகழ்ந்தது. இறக்குமதி உரிமங்களைத் தளர்த்துவதும் ஒரு பழங்குடிப் பெண்ணின் உடலைக் காவலரிடமிருந்து காப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இன்னொன்றும் சொல்லத் தகும். இவ்வழக்கை இறுதிவரை சுமந்தவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினருமே. தாராளவாதம் என்ற சொல்லைத் துண்டறிக்கையில் கடிந்தவர்களே தாராளவாதத்தின் மிகச் சிறந்த பணியை நம் மாவட்டத்தில் ஆற்றினர்.

அதிகாரம் அரசிடம் மட்டும் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று, நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் ஒரு கலப்பு மணத்தைக் காரணம் காட்டித் தலித் மக்களின் மூன்று குடியிருப்புகள் தீக்கிரையாக்கப்பட்டன. அங்குத் தனிமனித உரிமையை நசுக்கியது சாதிச் சமூகம். சந்தை திறந்து இருபத்தோர் ஆண்டுகள் கடந்தும் சாதியின் பிடி தளரவில்லை. ஊர்விலக்கம் செய்யும் வழக்கமுடைய நம் ஜமாஅத் நிர்வாகத்தார் சிலருக்கும் இது உவப்பான பாடமன்று. எனினும், உரிமை என்பது நாம் அரசிடம் கேட்பதற்கு மட்டுமே, நம்மிடம் பிறர் கேட்பதற்கன்று என்று கொள்ளுதல் நேர்மையாகாது.

இந்தியாவில் தாராளவாதத்தை ஒரு கட்சியாகவே நிறுவியவர் இம்மண்ணின் மைந்தர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அவ்வூர் அன்று சேலம் மாவட்டம். 1965 முதல் தருமபுரி மாவட்டம். 2004இலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். 1959இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, நேருவின் திட்டப் பொருளாதாரத்தையும் கூட்டுறவுப் பண்ணை முறையையும் எதிர்த்தது. ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று அவர் அன்றைய நிர்வாகத்தை எள்ளியது இன்றளவும் வழக்கிலுள்ளது. 1967 தேர்தலில் அக்கட்சி 44 மக்களவை இடங்களை வென்றது. சென்னை மாகாணத்தில் அது அண்ணாவின் கழகத்தோடும், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் தலைமையிலான முஸ்லிம் லீகோடும் ஓரணியில் நின்றது. காயிதே மில்லத் 1948இல் அரசியல் நிர்ணய சபையில், எந்தச் சமுதாயத்தையும் அதன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று திருத்தம் கொணர்ந்தவர். அது ஏற்கப்படவில்லை. ஆயினும் அவர் அன்று கையாண்ட வாதம், அரசின் கைக்கு எல்லை வகுக்கும் வாதமே. இரு முதியவரும் 1967இல் ஒரே அணியில் நின்றதை வெறும் தேர்தல் கணக்கு என்று ஒதுக்கிவிடுவது பொருந்தாது.

1991இன் கொள்கையை ஆதரிப்போர் இராஜாஜியைத் தம் முன்னோடி என உரிமை கொண்டாடுகின்றனர். உரிம ஆட்சியை எதிர்த்த அளவில் அது சரியே. அரசன் வணிகத்தில் இறங்கினால் குடிகளும் கெடுவர், வரிவருவாயும் கெடும் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் விளக்கியதையே அவரும் வேறு சொற்களில் கூறினார். ஆனால், அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக ஆண்ட காலத்தை இவர்கள் பேசுவதில்லை. 1937 அக்டோபர் 1 அன்று, தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட விற்பனை வரியைக் கொணர்ந்தார். 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றினார். அச்சட்டப்படி, பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி தீர்ந்ததாகக் கருதப்பட்டது. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடன் முழுவதுமே நீங்கியது. ஒப்பந்தம் புனிதமானது என்ற காரணத்தால் உழவனின் நிலம் கடன்காரனுக்குப் போகட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. மது விற்கும் உரிமையும் வட்டி வாங்கும் உரிமையும் அவர் கண்ணில் சுதந்திரத்தின் கூறுகளாகத் தோன்றவில்லை. அவரைக் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953இல் குலத்தொழிலை நினைவூட்டும் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கொணர்ந்ததும் தாராளவாதி என்ற பெயருக்கே ஒவ்வாதவை.

‘நவதாராளவாதம்’ என்ற சொல் பரவலாக அறிமுகமானதும் அதே 1938இல்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் பாரிஸில் வால்டர் லிப்மன் பெயரால் நடந்த கருத்தரங்கில் அறிஞர் சிலர் கூடினர். ஹிட்லரும் ஸ்டாலினும் ஓங்கியிருந்த காலம் அது. பழைய தாராளவாதம் ஏன் தோற்றது என்பது அவர்களின் வினா. சந்தை தானாக இயங்குவதன்று; அதற்கேற்ற சட்டத்தையும் ஒழுங்கையும் அரசே வலிந்து ஆக்கிக் காக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட விடைகளுள் முதன்மையானது. அக்கூட்டத்தில் இருந்தோருள் சிலர் ஏழைகளின் நலனிலும் அக்கறை கொண்டவர்களே. 1947இல் ஹாயக் நிறுவிய மோன் பெலரின் சங்கத்தின் வழியே இச்சிந்தனை வளர்ந்து கூர்மையடைந்தது. 1973இல் சிலியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபின் அது நாட்டளவில் சோதிக்கப்பட்டது. 1979க்குப் பின் தாட்சரும் ரீகனும் அதனை வல்லரசுகளின் கொள்கையாக்கினர். சிலியில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் இருந்த காலத்தில் அங்குச் சென்ற ஹாயக், தாராளவாதமற்ற ஜனநாயகத்தைவிடத் தாராளவாதச் சர்வாதிகாரியை விரும்புவதாகப் பேட்டியளித்தார். காதிஸ் நகரில் அரசனுக்கு எல்லை வகுக்கப் பிறந்த சொல், சாந்தியாகோவில் சர்வாதிகாரிக்கு அடைமொழி ஆயிற்று.

‘அரசு விலகிக்கொள்வதே நவதாராளவாதம்’ என்று நம் கட்டுரையாளர் பலர் எழுதுவது முழு உண்மையன்று. அரசு விலகுவதில்லை; தொழிலை மாற்றிக்கொள்கிறது. மருத்துவமும் கல்வியும் தருவதிலிருந்து ஒதுங்கி, ஒப்பந்தங்களைக் காப்பதிலும் கடன் வழிகளைத் திறப்பதிலும் முனைகிறது. இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. பழைய தாராளவாதி வாழ்க்கையைப் பல அறைகளாகக் கண்டார். சந்தை ஓர் அறை, பள்ளிவாசல் ஓர் அறை, குடும்பம் ஓர் அறை, நீதிமன்றம் ஓர் அறை. ஒன்றின் சட்டம் மற்றொன்றில் செல்லாது. நவதாராளவாதம் எல்லா அறைகளுக்கும் சந்தையின் அளவுகோலையே நீட்டுகிறது. பள்ளிக்கூடம் முதலீடாகிறது, நோய் செலவினமாகிறது, மனிதன் தன்னைத்தானே நடத்தும் ஒரு சிறு நிறுவனமாகிறான். மூன்றாவதாக, பிரிட்டனின் நலவாழ்வு அரசுக்கு வரைபடம் தந்த 1942ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய பெவரிட்ஜ், லிபரல் கட்சியின் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றவர். கெய்ன்ஸும் அக்கட்சியைச் சார்ந்தவரே. பசித்தவனுக்கு வாக்குரிமை மட்டும் போதாது என்று உணர்ந்தவர்கள் அவர்கள். நவதாராளவாதம் எதிர்த்து எழுந்தது பெரும்பாலும் இத்தகைய தாராளவாதிகளையே என்பதை நினைவிற்கொண்டால் இரண்டும் ஒன்று என்ற மயக்கம் நீங்கும்.

இதனை மீண்டும் நம் மாவட்டத்திலேயே காண்போம். தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் தருமபுரியில்தான் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதனை நடத்தியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் தாமே கூடி, மாதந்தோறும் சிறு தொகை சேமித்து, அச்சேமிப்பிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்வது முதல் வடிவம். ஊக்குநர், பிரதிநிதி எனப் பொறுப்பாளரைத் தாமே தேர்ந்தனர். கணக்கேட்டைத் தாமே எழுதினர். கையெழுத்து இடக் கற்றனர். வங்கிப் படியும் வட்டாட்சியர் அலுவலகப் படியும் ஏறினர். கணவரைக் கேட்காமல் ஒரு கூட்டத்துக்குப் போவதே பல பெண்களுக்கு அதுதான் முதல் முறை. தம் விருப்பத்தால் கூடி, தம் விதியைத் தாமே வகுத்து, தம்மைத் தாமே ஆளும் சங்கம் என்பது தாராளவாதம் மிகவும் போற்றும் அமைப்பு. பெயர் அறியாமலே நம் கிராமத்துப் பெண்கள் அதனை நடத்திக் காட்டினர்.

1990களின் பிற்பகுதியில் அது ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலமெங்கும் பரவியது. பரவப் பரவ, சேமிப்புக் குழு என்ற நிலை மாறி, கடன் பெறும் குழு என்ற நிலை மேலோங்கியது. எத்தனை குழு, எத்தனை கோடி கடன் இணைப்பு என்பதே வெற்றியின் அளவுகோலாயிற்று. பின்னர் நுண்நிதி நிறுவனங்கள் வந்தன. இவை நடத்துவது பழைய சுய உதவிக் குழு அன்று. கூட்டுப் பொறுப்புக் குழு. பெண்கள் கூடிப் பழகிய பழக்கம் அவற்றுக்கு ஆயத்தமான நிலமாக அமைந்தது. இங்குச் சேமிப்பு இல்லை, தேர்தல் இல்லை, விதி வகுத்தல் இல்லை. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நகையோ நிலமோ இல்லாதவளிடம் அடகு வாங்குவது எப்படி என்ற சிக்கலுக்கு அவள் தோழியையே அடகாக வாங்குவது விடையாயிற்று. நாம் வாழும் பகுதியின் மஹல்லாக்களிலும் ‘டியூ கட்டும் நாள்’ என்ற சொல் வழக்கு வேரூன்றிவிட்டது. அந்நாளில் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளும் வீடுகளும் உண்டு. மகள் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் வாங்கிய பணம் ஆவணத்தில் ‘தொழில் கடன்’ என்று எழுதப்படுகிறது, வாங்கியவள் ‘தொழில்முனைவோர்’. அரசு மருத்துவமனை போதிய சிகிச்சை தந்திருந்தால் அவள் தொழில்முனைவோர் ஆகியிருக்கமாட்டாள்.

ஆந்திரத்தில் இக்கடன்களின் நெருக்கடியால் தற்கொலைகள் நேர்ந்ததாகச் செய்திகள் எழுந்து, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2011இல் ரிசர்வ் வங்கி இந்நிறுவனங்களைத் தனி வகையாக்கி, வட்டிக்கு 26 விழுக்காடு என உச்சவரம்பு விதித்தது. 2022இல் புதிய விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி வட்டி உச்சவரம்பு நீக்கப்பட்டு, விகிதத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களிடமே விடப்பட்டது. அது கொடுவட்டியாக இருக்கலாகாது என்ற அறிவுரையும் உண்டு. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகலாகாது என்பது அவ்விதிமுறைகள் தரும் பாதுகாப்பு. ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மிகாத வருமானமுடைய குடும்பத்திலிருந்து பாதியை எடுத்துக்கொள்வது முறையானது என்று ஏற்கப்படுகிறது. 1938இன் சட்டத்தை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தாராளவாதி எனப்படுபவர் வட்டியைச் சட்டத்தால் வெட்டினார். நவதாராளவாதம் வட்டியின் வரம்பைச் சட்டத்தால் நீக்கியது. இரண்டிலும் அரசு தலையிட்டது. எவர் பக்கம் தலையிட்டது என்பதில்தான் வேறுபாடு. கடன் வசூலில் நிகழும் வன்முறையைத் தடுக்க 2025இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வாசலில் நின்று மிரட்டுவதை அது குற்றமாக்கலாம், வட்டியை அது தொடவில்லை.

வட்டி ஹராம் என்ற தீர்ப்பை நம் ஆலிம்கள் ஐயமின்றி வழங்குகின்றனர். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால், நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரப் பணிக்கும் அல்பகரா 280ஆம் வசனமும், ஸகாத் பெறுவோரில் கடனாளியைச் சேர்க்கும் அத்தவ்பா 60ஆம் வசனமும் அதே மேடையில் அதே உரத்த குரலில் ஒலிப்பதில்லை. பள்ளிவாசல் மினாராவுக்கு நிதி திரட்டும் ஜமாஅத்துகளில் வட்டியில்லாக் கடன் நிதி நடத்துபவை சிலவே. பெண்கள் ஏன் குழுக் கடனுக்குப் போகிறார்கள் என்று கடிந்துகொள்வது எளிது. போகாதிருக்க அவர்களுக்கு எந்த வாசல் திறந்திருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

இக்கட்டுரையின் வேறுபாட்டை நம் அரபுக் கல்லூரிகளின் பாடநூலே கற்பிக்கிறது என்பதைச் சுட்டுவது பொருத்தமாகும். மர்கீனானீயின் ஹிதாயாவில் ‘கிதாபுல் ஹஜ்ர்’ என்ற பகுதி, ஒருவரின் கொடுக்கல் வாங்கல் உரிமையைக் காழி முடக்கலாமா என்பதை ஆராய்கிறது. பெரும்பாலும் ஆண்டின் இறுதியில், தேர்வு நெருங்கும் நேரத்தில் அவசரமாக ஓதப்படும் பகுதி இது. பருவமடைந்த, அறிவுடைய, சுதந்திரமான மனிதன் ஊதாரியாகவே இருந்தாலும் அவன் உரிமையை முடக்கலாகாது என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் நிலைப்பாடு. அவ்வாறு முடக்குவது அவனுடைய மனிதத் தன்மையையே வீணாக்கி, அவனை விலங்கோடு சேர்ப்பதாகும். அவன் செல்வம் வீணாவதைவிட அது பெரிய தீங்கு என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அவருடைய மாணவர் இருவரும், இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும், ஊதாரியின் நன்மைக்காகவே அவனை முடக்கலாம் என்று மாறுபட்டனர். தனிமனித உரிமை குறித்த இவ்விவாதம், லாக்குக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் கூஃபாவிலும் பக்தாதிலும் நடந்தது.

அதே அபூ ஹனீஃபா மூவரை மட்டும் தொழில் செய்யவிடாமல் தடுக்க வேண்டும் என்றதாக அங்கேயே பதிவாகியிருக்கிறது. மருத்துவம் அறியாத மருத்துவன் ஒருவன். மக்களுக்குத் தந்திரம் கற்பிக்கும் பொறுப்பற்ற முஃப்தி மற்றொருவன். மூன்றாமவன், கையில் ஒட்டகமும் இல்லாமல் வாங்கப் பணமும் இல்லாமல், பயணிகளிடம் வாடகையை முன்னதாகப் பெற்றுக்கொள்ளும் திவாலான வாடகைக்காரன். பயண நாள் வரும், ஒட்டகம் வராது, நம்பிப் பணம் கொடுத்தவர்கள் வழியில் நிற்பார்கள். ஊதாரியின் தீங்கு அவனோடு நிற்கிறது, ஆகவே அவனை விட்டுவிடு. இவர்களின் தீங்கு பொதுமக்கள்மேல் விழுகிறது, ஆகவே தடு என்பது விளக்கம். சென்ற ஆண்டு இப்பகுதி ஓதப்பட்டபோது, மூன்றாமவனுக்கு இக்கால உவமை கேட்டு மாணவர்கள் நெடுநேரம் வாதிட்டனர். சீட்டு நிறுவனம் என்றார் ஒருவர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர் என்றார் மற்றொருவர். குழுக் கடன் வாங்கிய ஒரு தாயின் மகன், அந்நிறுவனம் ஒட்டகம் உடையதுதான், ஆனால் பயணி எங்கே போக வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது என்றார். அந்த வகைக்கு ஹிதாயாவில் தனிப் பெயர் இல்லை.